நெடுங்காலம் முதிர வைக்க எந்தப் பைப் புகையிலையைத் தேர்ந்தெடுப்பது: முழுமையான வழிகாட்டி

பைப் புகையிலையைப் பல ஆண்டுகள் மூடி வைத்து முதிரச் செய்ய விரும்பும் புதியவர்களில் பெரும்பாலோர் ஒரே விதமாகத்தான் தடுமாறுகிறார்கள். முதலில் தள்ளுபடியில் கிடைத்ததைக் கிலோக் கணக்கில் வாங்குகிறார்கள். பிறகு ஜாடிகளைத் தேடுகிறார்கள். எல்லாம் அலமாரியில் ஏறிய பின்னரே, இவற்றுள் எது முதிர்வால் மேம்படும், எது அப்படியே கிடக்கும், எது மங்கிப் போகும் என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வி முதலில் வந்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டு கழித்துத் திறக்கும்போது தெரியவரும் பிழையைச் சரிசெய்ய இன்னும் ஐந்து ஆண்டு தேவைப்படும் என்பதால், இந்த வேலையில் செய்யும் வரிசையே பாதி வெற்றியைத் தீர்மானிக்கிறது.

இந்த வழிகாட்டி ஏற்கெனவே பைப் பிடிக்கும் வயதுவந்தோருக்கானது. முதிர்வு சுவையை மாற்றும். புகையின் தீங்கை அது குறைக்காது, நிகோட்டினையும் போக்கிவிடாது. வீட்டில் குழந்தைகளோ வளர்ப்பு விலங்குகளோ இருந்தால் ஜாடிகள் பூட்டிய அலமாரியில்தான் இருக்க வேண்டும். புகையிலையை விழுங்கினால் நிகோட்டின் நஞ்சாகும்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

கிராம் அளவில் காட்டும் சமையலறைத் தராசு, அறை வெப்பமானி, இறுக மூடும் சிறு கண்ணாடி ஜாடிகள், நீரில் அழியாத மையுள்ள பேனா, ஒட்டுத்தாள், ஒரு குறிப்பேடு ஆகியவை போதும். ஈரப்பதமூட்டிப் பெட்டி தேவையில்லை. அது சுருட்டுக்கானது, மூடிய ஜாடியில் பைப் புகையிலை தன் ஈரத்தைத் தானே காத்துக்கொள்ளும்.

நீங்கள் இருக்கும் நாட்டின் சுங்க விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். சிங்கப்பூரில் பயணிகளுக்குப் புகையிலைக்கு வரிவிலக்கு அளவு என்று எதுவுமே கிடையாது. ஒரு டின் கொண்டுவந்தாலும் அறிவித்து வரி கட்ட வேண்டும். ஆஸ்திரேலியாவில் வரி மிகக் கடுமையானது. சேமிப்பின் மொத்தச் செலவை இந்த வரிதான் நிர்ணயிக்கிறது என்பதால், அளவைத் திட்டமிடும் முன்பே இதை அறிந்திருப்பது நல்லது.

1. புகையிலைக்கு முன் இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

எதை வாங்குவது என்பதற்கு முன் எங்கே வைப்பது என்பதை முடிவு செய்ய வேண்டும், ஏனெனில் இடத்தின் வெப்பம் எதை வைக்கலாம் என்பதையே மாற்றிவிடும். ஏறத்தாழ 15 முதல் 22 பாகை செல்சியஸ் வரை நிலையாக இருக்கும் இருண்ட இடம் மிகவும் ஏற்றது. வெப்பம் கூடினால் மாற்றம் விரைவுபடும்; ஆனால் விரைவாக நடப்பது மெதுவாக நடப்பதைப் போலவே முடிவதில்லை. நீண்ட நாள் சூட்டில் இருந்த இலையில் நுண்மையான மணங்கள் தேய்ந்து, வேகவைத்தது போன்ற ஒற்றைச் சுவை தங்கிவிடும். மேலும், சூட்டில் சேமித்த புகையிலையில், குறிப்பாக நைட்ரேட் மிகுந்த பர்லி என்ற இலை வகையில், நைட்ரோசமின்கள் எனப்படும் புற்றுநோய்க் காரணிகள் கூடுதலாக உருவாகின்றன.

சென்னை, மதுரை, யாழ்ப்பாணம் போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இதைக் கூடுதல் கவனத்துடன் பார்க்க வேண்டும். வெளிக்காற்றின் ஈரம் இறுக மூடிய கண்ணாடிக்குள் போகாது, வெப்பம் போகும். ஆகவே மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையும், பரணும், மேற்குச் சுவரை ஒட்டிய அலமாரியும் கூடாது. தரைத்தளத்தில், வெயில் படாத உட்சுவரை ஒட்டிய மர அலமாரியின் அடித்தட்டே வீட்டில் கிடைக்கும் நல்ல இடம். வெப்பமானியை அங்கே வைத்து ஒரு கோடை முழுவதும் பார்த்துவிட்டு முடிவெடுப்பது சிறந்தது. 30 பாகைக்கு மேல் பல மாதங்கள் நிற்கும் இடம் மட்டுமே இருந்தால், பத்தாண்டுத் திட்டத்தை விட்டுவிட்டு இரண்டு, மூன்று ஆண்டுகளுக்கான சிறு சேமிப்போடு நிறுத்திக்கொள்வதே என் பரிந்துரை.

குளிர்பதனப் பெட்டி இதற்கு மாற்றாகாது. அந்தக் குளிரில் முதிர்வு ஏறக்குறைய நின்றுவிடும். உறைநிலையில் இலையின் அமைப்பும் பாதிக்கப்பட்டு நொறுங்கும்.

2. புதிதாக இருக்கும்போதே பிடித்தவற்றை மட்டும் பட்டியலிடுங்கள்

முதிர்வு ஒரு புகையிலையில் ஏற்கெனவே உள்ளதை ஆழமாக்கும், கூர்மையை மழுக்கும், இனிப்பை முன்னுக்குக் கொண்டுவரும். பிடிக்காத கலவையைப் பிடித்ததாக மாற்றும் ஆற்றல் அதற்கு இல்லை. இதை நம்ப மறுப்பவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள்: மற்றவர்கள் புகழ்ந்த கலவை நாக்கைக் கடிக்கிறது, அதாவது எரிச்சலூட்டுகிறது என்று உணர்ந்த பிறகும், வைத்திருந்தால் சரியாகிவிடும் என்று பத்து டின் வாங்கி அடுக்கிவிடுகிறார்கள்.

ஒரு கலவையை ஒரே நாளில் மதிப்பிடாதீர்கள். ஒரு டின்னை முழுவதுமாக, வெவ்வேறு நேரங்களில், குறைந்தது இரண்டு பைப்புகளில் பிடித்து முடித்துவிட்டு, இன்னொரு டின் வாங்கத் தோன்றுகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தோன்றினால் மட்டும் அது பட்டியலுக்கு வரலாம். நாக்குக் கடிப்பு விரைவாக இழுப்பதாலோ இலை ஈரமாக இருந்ததாலோ வந்ததா என்பதையும் இந்த ஒரு டின்னுக்குள் பிரித்தறிய முடியும்; இலையைச் சற்று உலர்த்தி, மெதுவாகப் பிடித்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

விதிவிலக்கு ஒன்று உண்டு. சுவை பிடித்திருக்கிறது, ஆனால் புளிப்பும் காரமும் சற்று முரட்டுத்தனமாக முன்னிற்கின்றன என்றால், அதுவும் கலவை வெர்ஜினியா என்ற இலையை அடிப்படையாகக் கொண்டது என்றால், காலம் உண்மையிலேயே உதவும்.

3. கலவையில் உள்ள இலை எது என்று படியுங்கள்

தேர்வின் மையம் இதுதான். டின்னின் பெயரும் படமும் எதையும் சொல்வதில்லை. உள்ளே என்ன இலை, எந்த அளவில் என்பதே முதிர்வின் போக்கைச் சொல்லும். அளவைத் தயாரிப்பாளர்கள் துல்லியமாக வெளியிடுவது அரிது என்றாலும், முதன்மை இலை எது என்பதைப் பெரும்பாலும் விவரத்தில் காணலாம்.

வெர்ஜினியா: இது புகை படாமல், சூடேற்றிய காற்றால் சில நாட்களில் உலர்த்தப்படும் இலை. விரைவாக உலர்வதால் இலையின் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறிய நிலையில் அப்படியே நின்றுவிடுகிறது. எல்லாப் புகையிலைகளிலும் இதில்தான் சர்க்கரை மிகுதி. நீண்டகாலச் சேமிப்பில் அந்தச் சர்க்கரையும் இலையிலுள்ள அமினோ அமிலங்களும் மெதுவாக வினைபுரிந்து நிறத்தைக் கருக்கச் செய்து, உலர்பழம், வெல்லம், ரொட்டி போன்ற மணங்களை உண்டாக்குகின்றன. புதுப்புளி சிவந்து கூர்மையாக இருப்பதும், ஆண்டு கடந்த பழம்புளி கறுத்துத் திரண்டு இனிப்பு கலந்து நிற்பதும் நம் சமையலறையில் தெரிந்த காட்சி. வெர்ஜினியாவின் போக்கும் அதற்கு நெருங்கியது. எனவே பட்டியலின் பெரும்பகுதி வெர்ஜினியாவாகவோ வெர்ஜினியாவை அடித்தளமாகக் கொண்டதாகவோ இருக்க வேண்டும். மஞ்சள் வெர்ஜினியாவில் புல், எலுமிச்சை போன்ற கூர்மை இருக்கும். காலம் அதிகமாகத் தெரிவது இதில்தான். சிவப்பு வெர்ஜினியா ஏற்கெனவே ஆழமானது, மாற்றம் சற்று அடக்கமாக இருக்கும். நீராவியில் வேகவைத்துக் கருக்கப்பட்ட வகைகளில் மாற்றத்தின் ஒரு பகுதி தொழிற்சாலையிலேயே நடந்துவிடுகிறது. ஆயினும் இங்கிலாந்தின் கெண்டல் ஊரில் தயாராகும் சாமுவேல் காவித்தின் ஃபுல் வெர்ஜினியா ஃப்ளேக் போன்றவை அதற்குப் பிறகும் நன்றாகவே முதிர்கின்றன.

பெரிக்: அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில், பழைய விஸ்கிப் பீப்பாய்களில் இலையைக் கடும் அழுத்தத்தில் அடைத்து, இடையிடையே எடுத்துக் காற்றாட விட்டு மீண்டும் அழுத்தி, ஏறக்குறைய ஓராண்டு நொதிக்க வைத்துச் செய்யப்படுவது. இது தனியாகப் பிடிக்கப்படுவது அரிது. சிறு பங்காக வெர்ஜினியாவோடு சேர்க்கப்படுகிறது. இந்தச் சேர்க்கை முதிர்வுக்கு மிகப் பொருத்தமானது. புதிதில் மிளகுக் காரமாகத் தனித்து நிற்கும் பெரிக், சில ஆண்டுகளில் வெர்ஜினியாவின் இனிப்புக்குள் கரைந்து, அத்திப்பழம் போன்ற ஆழமாக மாறும். எஸ்குடோ என்ற வட்டு வடிவக் கலவையை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். முதன்முறையாகச் சேமிக்கத் தொடங்குபவருக்கு ஒரே ஒரு வகையைச் சொல்லுங்கள் என்றால் இந்த வகையைத்தான் சொல்வேன்.

ஓரியண்டல்: துருக்கி, கிரீஸ், பால்கன் பகுதிகளின் சிறிய இலைகள், வெயிலில் உலர்த்தப்படுபவை. சர்க்கரை ஓரளவு இருப்பதால் இவையும் முதிரும். வெர்ஜினியாவோடு சேர்ந்தால் நன்றாகவே முதிரும். மலர், மூலிகை போன்ற மேல்மணங்கள் மட்டும் காலப்போக்கில் மென்மையாகும் என்பதை எதிர்பார்த்து வைக்க வேண்டும்.

லட்டாகியா: ஓரியண்டல் வகை இலையை மரப்புகையில் வாரக்கணக்கில் கட்டித் தொங்கவிட்டுக் கருக்குவது. சிரியாவின் துறைமுக நகரத்தின் பெயரைத் தாங்கினாலும், இன்று கலவைகளில் பெரும்பாலும் சைப்ரஸ் இலையே உள்ளது. புதியவர்கள் அதிகம் ஏமாறும் இடம் இது. லட்டாகியாவின் அழகே அதன் புகைமணம். அந்த மணம் காலத்தால் கூடுவதில்லை, மங்குகிறது. இரண்டு முதல் ஐந்து ஆண்டுகளில் கலவையின் இலைகள் ஒன்றோடொன்று இணைந்து மிகச் சிறப்பாக இருக்கும்; பத்தாண்டைத் தாண்டினால் புகைமணம் பின்வாங்கி, அடியிலுள்ள வெர்ஜினியாவின் இனிப்பே மிஞ்சும். அந்தக் கூர்மையான புகைமணத்திற்காகவே அதை விரும்புகிறீர்கள் என்றால், நெடுங்காலம் வைக்காதீர்கள். மென்மையான ஆங்கிலக் கலவையை (லட்டாகியா சேர்ந்த கலவைகளுக்கு வழங்கும் பெயர்) விரும்புபவருக்கோ அந்தப் பழமை பரிசாக அமையும். லட்டாகியா பாதிக்கு மேல் உள்ள கலவைகளைக் குறுகிய காலத்துக்கும், வெர்ஜினியா மிகுந்து லட்டாகியா குறைந்தவற்றை நீண்ட காலத்துக்கும் ஒதுக்குங்கள்.

பர்லி: நிழலில் காற்றாடப் பல வாரங்கள் உலர்த்தப்படுவது. இந்த மெதுவான உலர்வில் இலையே தன் சர்க்கரையை எரித்து முடித்துவிடுகிறது. மாற்றத்துக்கான மூலப்பொருள் இல்லாததால் பர்லி முதிர்வில் பெரிதாக நகராது. கொட்டைப் பருப்பு போன்ற சுவை சற்று வழவழப்பாகும், அவ்வளவே. கெட்டுப்போகாது என்பதால், விலையேற்றத்தை எண்ணி வாங்கி வைப்பதில் தவறில்லை. 1907 முதல் விற்பனையில் உள்ள பிரின்ஸ் ஆல்பர்ட் போன்ற அன்றாடப் பர்லிகள் இந்த வகையின. அவற்றைக் கையிருப்பு என்று கருதலாம், முதிர்வு என்று கருத வேண்டாம்.

கேவண்டிஷ்: இது இலையின் பெயர் அன்று, வேகவைத்து அழுத்திச் செய்யும் முறையின் பெயர். எந்த இலையிலிருந்து வந்தது, எவ்வளவு வாசனை சேர்க்கப்பட்டது என்பதைப் பொறுத்தே முடிவு செய்ய வேண்டும். கறுப்புக் கேவண்டிஷ் முதன்மையாக உள்ள கலவைகளைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

4. சேர்க்கப்பட்ட வாசனையைக் கணக்கில் கொள்ளுங்கள்

வெனிலா, செர்ரி, ரம், சாக்லேட் போன்ற வாசனை மிகுதியாகத் தெளிக்கப்பட்ட கலவைகள் நெடுங்காலச் சேமிப்புக்கு ஏற்றவை அல்ல. அந்த வாசனைகள் ஆவியாகும் தன்மை கொண்டவை; அவை தேயும்போது அடியிலுள்ள இலை தரமானதாக இருந்தால்தான் ஏதாவது மிஞ்சும். இத்தகைய கலவைகளில் ஈரம் காக்கும் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்க்கப்படுவதும் வழக்கம். அது இலையைப் பல ஆண்டுகளுக்கு ஈரமாகவே வைத்திருக்கும், முதிர்வுக்கு உதவாது.

மெலிதாக வாசனை தொட்ட வெர்ஜினியாக்களை இதே தட்டில் தள்ளிவிடக் கூடாது. டேனிஷ் ஃப்ளேக்குகள் (அழுத்தி மெல்லிய பட்டைகளாக அறுத்தவை) பலவற்றில் சிறிதளவு வாசனை இருக்கும். அது ஓரிரு ஆண்டுகளில் பின்வாங்கி, இலை வெளிப்பட்டு, முன்பைவிட நன்றாக இருப்பதுண்டு. அடையாளம் காண எளிய வழி இதுதான்: ஒரு சிட்டிகை இலையைத் திறந்த தட்டில் ஓர் இரவு வைத்து, மறுநாள் முகர்ந்து பாருங்கள். புகையிலையின் மணம் நின்றால் வைக்கலாம். எதுவுமே நிற்கவில்லை என்றால், நீங்கள் விரும்பியது வாசனையைத்தான். அதைப் புதிதாகவே வாங்கிப் பிடிப்பது மேல்.

5. வெட்டையும் வடிவத்தையும் பாருங்கள்

ஒரே கலவை பல வடிவங்களில் கிடைத்தால், அழுத்தப்பட்ட வடிவத்தையே தேர்ந்தெடுங்கள். கட்டியாக அழுத்திய பிளக், அதை மெல்லிய பட்டைகளாக அறுத்த ஃப்ளேக், கயிறாக முறுக்கி அறுத்த வட்டு ஆகியவற்றில் இலைகள் ஒன்றோடொன்று நெருங்கி, சாறும் சர்க்கரையும் கலந்து கிடக்கின்றன. காற்றுப்படும் பரப்பும் குறைவு. இதனால் மாற்றம் சீராக நடக்கிறது, ஈரமும் நிலைக்கிறது. உதிரியாக நறுக்கிய ரிப்பன் வெட்டும் முதிரும், ஆனால் மூடி சற்றுத் தளர்ந்தாலும் அதுதான் முதலில் உலரும். ஏற்கெனவே உதிர்த்துவிட்ட ஃப்ளேக்கை மீண்டும் அழுத்த முயல வேண்டாம். சேமிப்புக்கானதை உதிர்க்காமலே வையுங்கள்.

6. ஒவ்வொன்றுக்கும் ஒரு காலக்கெடு எழுதுங்கள்

பட்டியலில் மிஞ்சியவற்றுக்கு எதிரே ஆண்டுகளை எழுதுங்கள். வெர்ஜினியாவும் வெர்ஜினியா-பெரிக்கும் ஓராண்டில் கூர்மை தணியும். மூன்று முதல் ஐந்து ஆண்டுகளில் மாற்றம் தெளிவாகத் தெரியும். பத்தாண்டு வரை தயக்கமின்றி வைக்கலாம். அதற்கு மேலும் நல்ல நிலையில் இருப்பவை பல, என்றாலும் மாற்றத்தின் வேகம் குறைந்துகொண்டே போகும், சிலவற்றில் உயிர்ப்பும் குறையும். ஆங்கிலக் கலவைகளுக்கு இரண்டு முதல் ஐந்து. ஓரியண்டல் மிகுந்தவற்றுக்கும் ஏறத்தாழ அதே. இவை வழிகாட்டும் எல்லைகள் மட்டுமே; உங்கள் இடம் வெப்பமானது என்றால் எல்லாவற்றையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

காலக்கெடு ஏன் வேண்டும்? அது இல்லாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள்: ஆறு மாதத்தில் ஆவல் தாங்காமல் எல்லாவற்றையும் திறக்கிறார்கள், அல்லது எதையுமே திறக்க மனமின்றி உச்சநிலையைத் தவறவிடுகிறார்கள்.

7. அளவைக் கணக்கிட்டு, ஒரே தொகுதியாக வாங்குங்கள்

நடுத்தர அளவுப் பைப் ஒருமுறைக்கு ஏறத்தாழ 2.5 கிராம் கொள்ளும். வாரத்துக்கு மூன்று முறை பிடிப்பவருக்கு வாரம் 7.5 கிராம், ஆண்டுக்கு 390 கிராம், அதாவது 50 கிராம் டின் எட்டு. இந்தக் கணக்கைப் போடாமல் நூற்றுக்கணக்கில் வாங்கியவர்களின் அலமாரியில், வாழ்நாளில் பிடித்து முடிக்க இயலாத அளவு கிடக்கிறது. ஆண்டுத் தேவையில் பாதியை மட்டும் ஆண்டுதோறும் ஒதுக்கி வைத்தாலே, ஐந்தாவது ஆண்டில் முதல் ஒதுக்கீடு பக்குவமாகிவிடும். அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் முதிர்ந்தது ஒன்று கைக்கு வரும். பிடிப்பதை இந்தச் சேமிப்பு அதிகமாக்கிவிடாமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே.

கலவை நிலையாகக் கிடைக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். கன்சாஸ் சிட்டியில் இயங்கிய மெக்லெலண்ட் நிறுவனம் வெர்ஜினியாக்களுக்குப் பெயர்பெற்றது, 2018-ல் மூடப்பட்டது. டன்ஹில் பெயரிலான பைப் புகையிலைகளும் அதே காலத்தில் நின்று, அவற்றில் பல 2019-ல் பீட்டர்சன் பெயரில் மீண்டும் வந்தன. முன்பு டன்ஹில் நைட்கேப் என்று விற்றது இப்போது பீட்டர்சன் நைட்கேப். டென்மார்க்கின் மேக் பேரன் நிறுவனத்தை 2024-ல் ஸ்காண்டிநேவியன் டொபாக்கோ குழுமம் வாங்கியது. தயாரிக்கும் இடம் மாறினால் அதே பெயரிலுள்ள கலவையும் மாறக்கூடும் என்பதால், மனத்துக்குப் பிடித்த தொகுதியைச் சோதித்த உடனேயே அதே தொகுதியிலிருந்து தேவையான அளவை வாங்குவது நல்லது. அதற்காகப் பதற்றத்தில் வாங்க வேண்டியதில்லை. கிடைக்காமல் போகும் என்ற செய்தி வந்தவுடன், பிடித்தே பார்க்காத கலவைகளை வாங்கிக் குவிப்பது இரண்டாம் படியை மீறுவதாகும்.

8. டின்னிலேயே விடுவதா, ஜாடிக்கு மாற்றுவதா என முடிவெடுங்கள்

திறக்காத டின் முதிர்வுக்கு நல்ல இடமே. உள்ளே அடைபட்ட சிறிதளவு காற்று தொடக்க மாற்றங்களுக்கு உதவி, பிறகு தீர்ந்துவிடுகிறது. இடைஞ்சல் டின்னின் உறுதியில் இருக்கிறது. வட்ட டின்களின் மூடி பொதுவாக நன்றாகப் பற்றும். செவ்வக டின்களின் மூலைகளில் பிடிப்பு வலுவிழப்பதுண்டு. வெளியே எதுவும் தெரியாமலே உள்ளே உலர்ந்துவிடும். ஈரமான ஊர்களில் தகரம் வெளியிலிருந்து துருப்பிடிக்கவும் செய்யும்.

என் நடைமுறை இது: ஐந்தாண்டுக்குள் திறக்கப்போகும் வட்ட டின்களை அப்படியே வைக்கலாம். செவ்வக டின்களையும், மொத்தமாகப் பையில் எடையிட்டு வாங்கியவற்றையும், பத்தாண்டுக்கு எண்ணியவற்றையும் ஜாடிக்கு மாற்ற வேண்டும். டின்களை எடையிட்டு அந்த எண்ணை மூடியில் எழுதி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் எடையிட்டால், எடை குறைந்த டின் கசிகிறது என்று திறக்காமலே கண்டுபிடிக்கலாம். இந்த ஒரு பழக்கம் பல டின்களைக் காப்பாற்றும்.

கடைகளில் மொத்தப் புகையிலை தரப்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஒருபோதும் விட்டுவைக்காதீர்கள். அதன் வழியே ஈரமும் மணமும் மெல்ல வெளியேறும். வெற்றிடமாக்கி உறையிடுவதும் வேண்டாம். தொடக்க மாற்றங்களுக்குச் சிறிது காற்று தேவை, அழுத்தம் ரிப்பன் வெட்டைக் கட்டியாக்கியும் விடும்.

9. ஜாடியில் இடும் முறை

உணவு பதப்படுத்தப் பயன்படும், உலோகத் தட்டும் திருகு வளையமும் கொண்ட மேசன் ஜாடிகள் நம்பகமானவை. கம்பிப் பூட்டும் ரப்பர் வளையமும் உள்ள ஜாடிகளும் பயன்படும். ரப்பர் வளையத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்த்து மாற்ற வேண்டும். ஊறுகாய் இருந்த பழைய ஜாடியை எடுக்கவே கூடாது: மூடியின் உட்பூச்சில் தங்கிய மணம் எத்தனை முறை கழுவினாலும் போகாது.

ஜாடியைச் சோப்பிட்டுக் கழுவி, கொதிநீரில் அலசி, முற்றிலும் உலர விடுங்கள். உள்ளே ஒரு துளி நீர் இருந்தாலும் பூசணம் அங்கிருந்துதான் தொடங்கும். கைகளையும் கழுவித் துடைத்துக்கொள்ளுங்கள்.

இலையின் ஈரத்தை விரலால் சோதியுங்கள். ஒரு சிட்டிகையை அழுத்திவிட்டால் மெதுவாக விரிய வேண்டும். கட்டியாகவே நின்றால் ஈரம் அதிகம். தட்டில் பரப்பி ஒரு மணி நேரம் காற்றாட விடுங்கள். நொறுங்கினால் உலர்ந்துவிட்டது. பிடிப்பதற்கு ஏற்ற ஈரத்தைவிடச் சற்றுக் கூடுதலாக, டின்னிலிருந்து வந்த நிலையிலேயே இருப்பது முதிர்வுக்கு நல்லது. உலர்ந்த இலையில் மாற்றம் தேங்கிவிடும். நீர் தெளித்துச் சேமிக்காதீர்கள்.

500 மில்லி ஜாடியில் ஏறத்தாழ 110 கிராம் ரிப்பன் வெட்டு அடங்கும். ஃப்ளேக் இன்னும் கூடுதலாக அடங்கும். 250 மில்லி ஜாடிகளையே நான் பரிந்துரைக்கிறேன். ஒரு கிலோவை ஒரே பெரிய ஜாடியில் வைத்தால், சோதிக்கத் திறக்கும் ஒவ்வொரு முறையும் முழுக் கிலோவுக்கும் புதுக்காற்று புகுந்து மணம் வெளியேறும். ஒரு டின் அளவுக்கு ஒரு ஜாடி என்று பிரித்துவிட்டால், திறந்ததைப் பிடித்து முடிக்கலாம், மற்றவை அசையாமல் கிடக்கும். கழுத்துவரை நிரப்பி, மேலே சிறிது இடம் விட்டு, திணிக்காமல் மூடுங்கள்.

ஜாடியைச் சூடாக்கி மூடியை இறுக்கும் வழக்கம் சிலரிடம் உண்டு. சூடு இலையையே வேகவைத்துவிடும்; கருமையும் மென்மையும் உடனே வரும், ஆண்டுகளால் வரும் சிக்கலான மணங்கள் வராது. கையால் இறுகத் திருகினால் போதும்.

10. எழுதி ஒட்டுங்கள்

கலவையின் பெயர், தயாரித்தவர், டின்னில் குறித்த நாள் இருந்தால் அந்த நாள், ஜாடியில் இட்ட நாள், கிராம் எடை, திறக்க வேண்டிய ஆண்டு. மூடியில் ஒட்டினால் மூடிகள் மாறிப்போகும்; கண்ணாடியில் ஒட்டுங்கள்.

11. எப்போது, எப்படிச் சோதிப்பது

முதல் மாதத்தில் ஓரிரு முறை கண்ணாடி வழியே பாருங்கள். பூசணம் வருவதானால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே தெரியும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை பார்வையும் எடையும் போதும். சுவை பார்க்க, அதே கலவையில் ஒரு ஜாடியைச் சோதனைக்கென ஒதுக்கி, அதையே ஓராண்டு, மூன்றாண்டு, ஐந்தாண்டு என்று திறந்து குறிப்பெடுங்கள்.

பழைய வெர்ஜினியாவில் வெண்மையான படலத்தைக் கண்டு நல்ல புகையிலையை எறிந்துவிடுபவர்கள் உண்டு. கையில் ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துக்கொள்ளுங்கள். ஒளியில் மின்னும் சிறு துகள்கள் இலைப்பரப்பில் படிந்திருந்தால் அவை படிகங்கள், கவலையில்லை. பஞ்சு போல நூலிழை விரிந்து, சாம்பல் அல்லது பச்சை கலந்து, ஈரமண் வாடை வந்தால் பூசணம். பூசணம் கண்ட ஜாடியை முழுவதும் எறிந்துவிடுங்கள். மேலாகச் சுரண்டி எடுப்பதில் பயனில்லை, அதன் நுண்விதைகள் ஜாடி முழுவதும் பரவியிருக்கும். மூடியையும் மீண்டும் பயன்படுத்தாதீர்கள்.

வெப்பமண்டல ஊர்களில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: இலையில் ஊசித்துளைகளும் ஜாடியடியில் பொடியும் தெரிந்தால் அது புகையிலை வண்டின் வேலை. அந்த ஜாடியை மற்றவற்றிடமிருந்து உடனே பிரித்து, அருகிலுள்ள ஜாடிகளையும் ஆராயுங்கள்.

12. முதிர்ந்ததைத் திறக்கும்போது

வட்ட டின்னின் மூடிக்கும் உடலுக்கும் இடையே ஒரு நாணயத்தை வைத்துத் திருகினால் காற்று உட்புகும் ஓசையோடு திறக்கும். திறந்தவுடன் வரும் வாடையை வைத்து முடிவெடுக்காதீர்கள். பல ஆண்டு அடைபட்ட இலையில் புளித்த வாடை சிறிது இருப்பது இயல்பு, ஓரிரு நாளில் தெளியும். அன்றே பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு நாள் கழித்து மீண்டும் பிடித்து ஒப்பிடுங்கள்.

காற்றுப்பட்ட முதிர்ந்த புகையிலை தன் மேன்மையான மணங்களைப் புதியதைவிட விரைவாக இழக்கும். எனவே திறந்த அன்றே சிறு ஜாடிக்கு மாற்றி, சில மாதங்களுக்குள் பிடித்து முடியுங்கள். டின் கசிந்து இலை உலர்ந்திருந்தால் உடனே கைவிட வேண்டாம்: இலையைக் கிண்ணத்தில் பரப்பி, காய்ச்சி வடித்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கிண்ணத்தின் வாயில் இலையில் படாமல் கட்டி, சில மணி நேரத்துக்கு ஒருமுறை விரலால் சோதித்து, பிடிக்கும் பதம் வந்ததும் துணியை எடுத்துவிடுங்கள். இப்படி ஈரம் மீட்ட இலையை மறுபடியும் நெடுங்காலச் சேமிப்பில் வைக்காமல் முதலில் பிடித்து முடியுங்கள்.